தெனமும் மூணு நல்லது எழுதச் சொல்ற டைரி: ஆறு மாசம் எழுதினதுக்கப்புறம் ஒரு ரிவியூ

மொதல்லயே சொல்லிடறேன், இந்த மாதிரி டைரிய நானா காசு குடுத்து வாங்கற ஆள் கிடையாது. அக்கா வாங்கிக் குடுத்தது. எங்க டிபார்ட்மென்ட்டையே மூடி எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு, அது போதாதுன்னு அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது கையும் வலது காலும் விழுந்துடுச்சு, பட்ட காலிலே படும்னு சொல்லுவாங்களே அதேதான். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து ஃபோன சும்மா மேலயும் கீழயும் தள்ளிட்டு இருந்தப்ப அக்கா வந்து "எழுதுடா, மனசு லேசாகும்"னு கையில திணிச்சுட்டு டாக்டரப் பாக்கப் போயிட்டா. அட்டையில சூரியன் உதிக்குது, கீழ தங்கக் கலர்ல ‘இன்று ஒரு அழகான நாள்’. உள்ள அப்பாவுக்கு மூக்குல ட்யூப். அந்த அட்டையப் பாத்ததும் எனக்கு வந்த கோவத்துக்கு அக்கா பக்கத்துல இல்லாதது நல்லதாப் போச்சு.

பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா இதே மாதிரி ஏகப்பட்டது இருக்கு, உள்ள இருக்கற சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மொத்தம் 180 பக்கம், ஆக ஆறு மாசக் கணக்கு. காலைல ஒரு ‘நேர்மறை வாக்கியம்’ எழுதணும், ராத்திரி அன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயம் எழுதணும், பக்கத்தோட கடைசில ஒரு சிரிப்பு மீட்டர், ஒண்ணுலேந்து பத்து வரைக்கும் வட்டம் போடணும். வாரத்துக்கு ஒருக்கா கவலைப் பக்கம். மாசம் ஒரு கனவுப் பக்கம், ஒரு கதைப் பக்கம். அவ்ளோதான் பொருள்.

பைண்டிங் நல்லா இருக்கு, விரிச்சு வச்சா தட்டையா படுத்துக்குது, மடியில வச்சு ஒரு கையால எழுதலாம், பெட் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து எழுதறவனுக்கு இது பெரிய விஷயம். பேப்பர் மட்டம். ஜெல் பேனால எழுதினா பின்பக்கம் ஊறி நாளைக்கு எழுதவேண்டிய எடத்துல இன்னைக்கு கவலை தெரியுது, நல்லா யோசிச்சுத்தான் டிசைன் பண்ணாங்களோ என்னவோ. எனக்கு வந்த காப்பில நடுவுல எட்டு பக்கம் தலகீழா வேற இருந்துச்சு. மெயில் போட்டேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி, ஒவ்வொரு சவாலும் ஒரு வாய்ப்பே’ன்னு பதில் வந்துச்சு. அந்த எட்டு நாளும் டைரிய திருப்பிப் பிடிச்சு எழுதினேன், வேறென்ன செய்ய.

இப்ப உள்ள போவோம். காலைல எழுதற வாக்கியம் இருக்கே, அது எனக்கு சுத்தமா செட் ஆகல. ‘நான் வெற்றியாளன்’, ‘எனக்கு எல்லாமே நல்லபடியாக அமைகிறது’, இந்த ரகம். வேலைக்குப் போட்ட அப்ளிகேஷன் எதுக்கும் பதில் வராம உக்காந்திருக்கறவன் காலங்காத்தால நான் வெற்றியாளன்னு எழுதினா உள்ளேந்து ஒரு குரல் அதே நிமிஷம் ‘ஆமாமா, பாத்தோம்’னு பதில் சொல்லுது. நான்தான் கோணப்புத்திக்காரன்னு நெனச்சேன், அப்புறம் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம தேடிப் படிச்சப்ப தெரிஞ்சுது, ஜோஆன் வுட்னு ஒரு உளவியல் ஆய்வாளர் குழுவோட இதை சோதிச்சு 2009ல வெளியிட்டிருக்காங்க. ‘நான் அன்புக்கு உரியவன்’ங்கற மாதிரி ஒரு வாக்கியத்த திரும்பத் திரும்ப சொல்ல வச்சா, ஏற்கெனவே தன்னைப் பத்தி நல்லா நெனைக்கறவங்களுக்கு லேசா ஒரு தெம்பு வருது, தன்மேல மதிப்பு கம்மியா இருக்கறவங்களுக்கு இருந்ததும் போய் இன்னும் மோசமா ஆகுது. அதாவது யாருக்கு மருந்து வேணுமோ அவனுக்கு ஒத்துக்காது, நல்லா இருக்கறவனுக்கு மட்டும் ஒத்துக்கும். இந்த டைரியோட முன்னுரைல ‘அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க, இந்த அறிவியல மட்டும் விட்டுட்டாங்க.

மூணாவது வாரத்துலேந்து அந்த எடத்துல நான் உண்மைய மட்டும் எழுத ஆரம்பிச்சேன். ‘நேத்து ரெண்டு எடத்துக்கு ரெஸ்யூம் அனுப்பினேன்.’ ‘அப்பாவோட ஃபைல் ஃபுல்லா தேதி வாரியா அடுக்கிட்டேன்.’ இதுக்கு உள்ளேந்து அந்தக் குரலால ஒண்ணும் சொல்ல முடியல, ஏன்னா நடந்த விஷயம்.

சிரிப்பு மீட்டர் பத்தி பேசவே வேணாம். அப்பாவுக்கு நிமோனியா வந்து திரும்ப ஐசியூ போன அன்னைக்கு அந்த வட்டத்தப் பாத்து எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துச்சு, அது எத்தனை மார்க்னு தெரியல.

சரி, மூணு நல்ல விஷயம். இதுக்காகத்தான் எல்லாரும் இந்த டைரிய வாங்கறாங்க. முதல் ரெண்டு வாரம் நான் எழுதினத இப்ப படிச்சா பாவமா இருக்கு. ‘1. மழை நின்னுச்சு. 2. லிஃப்ட் வேலை செஞ்சுது. 3. —’. மூணாவதுக்கு கோடு. இப்படியே கடனேன்னு போயிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு நல்ல விஷயத்துக்கும் கீழ கொசுறு மாதிரி சின்ன எழுத்துல ‘ஏன்?’னு ஒரு அரை வரி விட்டிருந்தாங்க, நான் அதை கண்டுக்கவே இல்ல, எழுத எடமும் இல்ல. ஆனா தேடிப் படிச்சதுல அந்த அரை வரிக்கு வெயிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. மார்ட்டின் செலிக்மன்னு ஒரு உளவியல் ஆய்வாளரோட ஆளுங்க 2005ல வெளியிட்ட ஆய்வுல இந்தப் பயிற்சிய ஒரே ஒரு வாரம்தான் செய்யச் சொன்னாங்க, தெனம் ராத்திரி நல்லபடியா நடந்த மூணு விஷயம், கூடவே அது ஏன் அப்படி நடந்துச்சுன்னு காரணம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் அவங்களுக்கு சந்தோஷம் கூடியிருந்துச்சு, மனச்சோர்வு அறிகுறி கொறஞ்சிருந்துச்சு, அதுவும் ஒரு வாரம் முடிஞ்சப்புறம் தாங்களாவே தொடர்ந்து எழுதினவங்களுக்கு. ஏன்னு கேக்கறதும் அந்தப் பயிற்சியோட பாதி, இவங்க அதுக்கு அரை வரி குடுத்திருக்காங்க.

இது எனக்கு எப்படி வேலை செஞ்சுதுன்னு ஒரு பக்கத்த அப்படியே சொல்றேன். 71ம் நாள். ‘அப்பா சட்டைல ரெண்டாவது பட்டனையும் போட்டார்.’ ஏன்? மொதல்ல எழுதினது ‘கடவுள் புண்ணியம்’. அப்புறம் அத அடிச்சுட்டு மார்ஜின்ல சின்ன எழுத்துல நுணுக்கி நுணுக்கி எழுதினேன். ஃபிசியோ பொண்ணு பழைய சட்டை ஒண்ணுல பெரிய பட்டனா தைச்சுட்டு வரச் சொன்னாங்க. அக்கா ராத்திரியோட ராத்திரியா தைச்சா. அதை தலகாணிக்கு மாட்டி மடியில வச்சு அப்பா தெனம் பழகினார், நாங்க டிவி பாக்கறப்ப அவர் தலகாணிக்கு சட்டை போட்டுட்டு இருப்பார். சட்டை போடும்போது விழுந்த கைய மொதல்ல நுழைக்கணும், கழட்டும்போது நல்ல கைய மொதல்ல எடுக்கணும்னு ஒரு விஷயம் இருக்கு, அது தெரியாம நாங்க ஒரு வாரம் அவரோட மல்லுக்கட்டியிருக்கோம், அது தெரிஞ்சப்புறம் பாதி சண்டை கொறஞ்சுது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பட்டன் நழுவும், நழுவும், திரும்ப நழுவும், நாக்க கடிச்சுட்டு உக்காந்திருப்பார், நாங்க உதவிக்குப் போனா மொறைப்பார். அன்னைக்கு ரெண்டாவதும் ஓட்டைக்குள்ள போச்சு.

இவ்ளோத்தையும் எழுதி முடிச்சுட்டுப் பாத்தா ஒரு பட்டனுக்குப் பின்னாடி நாலஞ்சு பேர் செஞ்ச வேலை இருக்கு, அதுல எதுவுமே அதிர்ஷ்டம் இல்ல, நாளைக்கும் செய்யலாம். ‘எல்லாம் சரியாயிடும்’னு ஊரே சொன்னப்ப வராத நம்பிக்கை எனக்கு அங்கதான் வந்துச்சு. எல்லாம் சரியாகுமான்னு டாக்டருக்கே தெரியாது, ஸ்ட்ரோக்ல முதல் சில மாசம்தான் வேகமா முன்னேற்றம் வரும், அதுக்கப்புறம் மெதுவா வரும்னு மட்டும் சொன்னார். மூணாவது பட்டனுக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். அது போதுமா இருந்துச்சு.

ஒரு குறை. தெனமும் எழுதியே ஆகணும்னு டைரி ரொம்ப படுத்துது, நாள் விட்டுப்போனா ‘தொடர் முறிந்தது!’ன்னு ஒரு கட்டம் இருக்கு அதுல டிக் பண்ணணுமாம், ஐசியூல இருந்துட்டு வந்து அத வேற டிக் பண்ணணும். சோன்யா லுபோமிர்ஸ்கி குழு செஞ்ச ஒரு ஆய்வுல நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள வாரத்துக்கு ஒருதடவை எண்ணிப் பாத்தவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது, வாரத்துக்கு மூணு தடவை எண்ணினவங்களுக்குத் தெரியல. ஆக எல்லாருக்கும் தெனம்தான் சரின்னு கிடையாது. சலிச்சுப்போனா விட்டுட்டு ஞாயித்துக்கிழமை எழுதுங்க. நான் நாலாவது மாசத்துலேந்து அப்படித்தான் செஞ்சேன், அதனாலதான் ஆறு மாச டைரி இன்னும் தீரல.

கனவுப் பக்கம்: கண்ண மூடி உங்க வாழ்க்கை முழுசா மாறிட்ட மாதிரி கற்பனை பண்ணி படம் ஒட்டச் சொல்றாங்க. நான் ஒட்டல. கேப்ரியல் ஓட்டிங்கன்னு ஒருத்தங்க பல வருஷமா இதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க, அவங்க 1991ல தாமஸ் வாடனோட சேந்து எடை குறைக்க வந்த 25 பெண்கள வச்சு செஞ்ச ஆய்வு சுவாரசியமானது. ‘என்னால முடியும்’னு எதிர்பாத்தவங்க அதிகமா எடை குறைச்சாங்க, ஒல்லியாயிட்ட மாதிரி இனிமையா பகல்கனவு கண்டவங்க கம்மியா குறைச்சாங்க. ரெண்டும் கேக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கு, பலன் நேரெதிர். கனவுலயே கெடைச்சுட்டா அப்புறம் எதுக்கு எந்திரிக்கணும்னு மனசு நெனைக்குது போல. அதனால அந்தப் பக்கத்த ரெண்டா கோடு போட்டு ஒரு பக்கம் என்ன வேணும், இன்னொரு பக்கம் அதுக்கு குறுக்க நிக்கறது என்னன்னு எழுதினேன், இதுவும் அந்தம்மா சொல்ற முறைதான். குறுக்க நிக்கறதுல முதல் வரி ‘இன்டர்வியூ கால் வந்தா எடுக்க பயமா இருக்கு’. எழுதற வரைக்கும் எனக்கே தெரியாது.

இப்ப கவலைப் பக்கம். இந்த டைரில காசு குடுத்தா இதுக்குத்தான் குடுக்கணும், விளம்பரத்துல இதப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. இடது பக்கம் இந்த வாரக் கவலை, வலது பக்கம் ‘நாலு வாரம் கழித்து என்ன ஆச்சு’ன்னு காலியா ஒரு பத்தி. அவ்ளோதான். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்.

நான் மொத்தம் 63 கவலை எழுதியிருக்கேன், எண்ணிப் பாத்தேன். ‘அப்பா இனிமே பேசவே மாட்டார்’, ‘இன்ஷூரன்ஸ்ல பணம் தரமாட்டாங்க’, ‘வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவார்’, ‘அம்மாவுக்கும் ஏதாவது வந்துடும்’, ‘ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இனி ஃபோன எடுக்க மாட்டாங்க’. இதுல நடந்தது ஒம்பது. மீதி 54ம் நடக்கல, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் அந்த 54ஐயும் வாழ்ந்து முடிச்சிருக்கேன். இதுக்கும் ஆய்வு இருக்கு, 2020ல வந்தது, லூகஸ் லாஃப்ரெனியர், மிஷெல் நியூமன்னு ரெண்டு பேர், பதட்டக் கோளாறு இருக்கற 29 பேர பத்து நாளுக்கு கவலைய குறிச்சு வைக்கச் சொல்லி, அதெல்லாம் நடக்குதான்னு ஒரு மாசம் பாக்கச் சொன்னாங்க, நூத்துக்கு 91 கவலை நடக்கவே இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா ‘கவலைப்படாதே’ன்னு ஒருத்தன் சொல்றதுக்கும் உங்க கையெழுத்துலயே ‘நடக்கல, நடக்கல, நடக்கல’ன்னு பக்கம் பக்கமா பாக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

நடந்த ஒம்பதப் பத்தியும் சொல்லணும் இல்லன்னா நானும் அந்த டைரி கம்பெனிக்காரன் மாதிரி ஆயிடுவேன். ‘இந்த வருஷத்துக்குள்ள பழைய சம்பளத்துக்கு வேலை கெடைக்காது’, நடந்துச்சு, இப்ப செய்யறது கான்ட்ராக்ட், சம்பளம் பாதி. ‘சேமிப்ப ஒடைக்க வேண்டி வரும்’, ஒடைச்சோம். ஒரு ஃப்ரெண்டு நெஜமாவே ஃபோன எடுக்கறது இல்ல. அந்த நிமோனியா மட்டும் எந்த லிஸ்ட்லயும் இல்ல, நான் கவலையே படாத விஷயம் அது, நேரா வந்து நின்னுச்சு. கவலைப்பட்டா முன்னாடியே தயாரா இருக்கலாம்னு ஒரு நெனப்பு இருக்கும் பாருங்க, அது எவ்ளோ பொய்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. அதனால நாலாவது மாசத்துலேந்து நடுவுல பென்சிலால இன்னொரு கோடு கிழிச்சு ‘இது வந்தா மொத வேலையா என்ன செய்வேன்’னு ஒரு பத்தி சேத்துக்கிட்டேன். எழுத ஒண்ணும் இல்லாத கவலைனா அது என் கையில இல்லாததுன்னு அர்த்தம், பக்கத்த திருப்பிடுவேன். எப்பவும் முடியும்னு சொல்லல.

பின் அட்டை மடிப்புக்குள்ள யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு பெட்டிச் செய்தி இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. கெட்டது நடந்தா அதுக்கு நாமளே நமக்கு சொல்லிக்கற காரணத்துல மூணு பொறி இருக்குன்னு, இதுவும் செலிக்மன் சொன்னதுதான், நான் என் வசதிக்கு மூணு ‘எ’ன்னு வச்சிருக்கேன்: எப்பவுமே, எல்லாமே, என்னாலதான். ‘எனக்கு எப்பவுமே இப்படித்தான்’, ‘எல்லாமே போச்சு’, ‘என்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு’. மூணாவத நான் நெஜமாவே நம்பினேன், வேலை போன சேதிய நான் சொன்ன வாரம்தான் அவருக்கு வந்துச்சு. டாக்டர்கிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் பழைய ரிப்போர்ட்ட எடுத்து பல வருஷமா பிரஷர் கட்டுக்குள்ள இல்லாத கதைய வரிசையா காட்டினார். அதை நான் கேக்காமலே இருந்திருந்தா எத்தனை வருஷம் தூக்கிட்டு அலைஞ்சிருப்பேனோ.

கதைப் பக்கங்கள் ஆறுல அஞ்சு வாட்சப் ஃபார்வர்டு ரகம், கழுதை கெணத்துல விழுந்து மண்ண ஒதறி மேல வந்தது மாதிரி. ஒண்ணு மட்டும் உருப்படி. தென் துருவப் பக்கம் ஒரு குழுவோட பயணம் போன ஷேக்கிள்டனோட ‘எண்டூரன்ஸ்’ கப்பல் அன்டார்க்டிக் பனிக்கட்டில மாட்டி 1915 நவம்பர்ல மூழ்கிடுச்சு, கப்பல்ல இருந்தவங்க 28 பேர். அதுல 22 பேர எலிஃபன்ட் தீவுல விட்டுட்டு ஷேக்கிள்டன் அஞ்சு பேரோட ஒரு சின்னப் படகுல உதவி தேடிப் போனார். தீவுல பொறுப்பா இருந்தவர் ஃப்ராங்க் வைல்ட். அவர் தெனம் காலைல எல்லாரையும் எழுப்பி படுக்கைய சுருட்டி மூட்டை கட்டச் சொல்லுவாராம், இன்னைக்கு தலைவர் வந்தாலும் வரலாம்னு. நாலு மாசத்துக்கு மேல. கடைசில 1916 ஆகஸ்ட் 30ம் தேதி கப்பல் வந்துச்சு, 22 பேரும் உயிரோட இருந்தாங்க. வைல்ட் யாரையும் சிரிக்கச் சொல்லல பாருங்க, பாய சுருட்டச் சொன்னார். அத படிச்ச மறுநாள்லேந்து வேலை இல்லாட்டியும் காலைல குளிச்சு டிரஸ் மாத்தி லேப்டாப் முன்னாடி உக்கார ஆரம்பிச்சேன். சிரிப்பா இருக்கலாம். கான்ட்ராக்ட் வேலைக்கு வீடியோ கால் அப்படி ஒரு காலைல சொல்லாம கொள்ளாம வந்தப்ப நான் சட்டை போட்டிருந்தேன்.

பெரிய குறை ஒண்ணு இருக்கு, இதுக்கே ஒரு ஸ்டார் கொறைக்கலாம். இந்த டைரியால முடியாத நெலமைன்னு ஒண்ணு இருக்குங்கறதையே 180 பக்கத்துல எங்கயும் சொல்லல. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, பசி கெட்டு, எதுலயும் ஒட்டுதல் இல்லாம நாளெல்லாம் பாரமாவே இருந்தா அது எழுதித் தீக்கற விஷயம் இல்ல, டாக்டரப் பாக்கணும். சாகலாம்னு நெனப்பு எட்டிப் பாத்தா ரெண்டு வாரமெல்லாம் கணக்கு பாக்காதீங்க, அன்னைக்கே யார்கிட்டயாவது வாய விட்டு சொல்லிடுங்க. அந்த வைல்டு கதைக்குக் கீழ நாலு வரி எடம் காலியாத்தான் இருக்கு, இத போட்டிருக்கலாம், பூ படம் போட்டிருக்காங்க.

யாருக்கு வாங்கித் தரலாம்னு கேட்டா: கஷ்டம் வந்த முதல் வாரத்துல யாருக்கும் தராதீங்க, அடி வாங்குவீங்க. கொஞ்ச நாள் போகட்டும், அந்த சூரியன் அட்டைய ஒரு பிரவுன் பேப்பர் போட்டு மூடிக் குடுங்க. இல்லன்னா இதெல்லாம் வேணாம், ஒரு சாதா நோட்டு வாங்கி மூணு நல்லது, ஏன், கவலை, என்ன ஆச்சுன்னு நாலு தலைப்பு போட்டுக்கிட்டா இதே வேலைய செய்யும், பேப்பரும் நல்லா இருக்கும்.

நான் மூணரை ஸ்டார்னு வச்சிருந்தேன். இன்னும் நெறைய பக்கம் பாக்கி இருக்கு, இப்ப அது அப்பாகிட்ட. பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலன்னு செக்க திருப்பி அனுப்பிட்டாங்க, அதனால தெனம் சாயங்காலம் கண்ணாடிய மாட்டிக்கிட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து வலது கையாலயே கையெழுத்து பழகறார். பேர் வந்துடுச்சு, இனிஷியல்தான் இன்னும் கோணிக்கிட்டுப் போகுது. ரிவியூ எழுதறேன், நீங்க எவ்ளோ குடுப்பீங்கன்னு கேட்டேன். பக்கத்த திருப்பி பின்னாடி ஊறியிருந்த இங்க்க காட்டி, வார்த்தை இன்னும் கொஞ்சம் கொழறும் அவருக்கு, "பேப்பர் சரியில்லடா, மூணு போதும்"னார்.